போக்கரில் எந்தக் கையோடு ஆட்டத்தில் இறங்குவது: ஒரு கேள்வியும் அடுத்தடுத்து எழுதிய குறிப்புகளும்

கேள்வி (2 நவம்பர் 2025, மாலை)

நண்பர்கள் ஆறு பேர் வார இறுதிகளில் டெக்சஸ் ஹோல்டம் ஆடுகிறோம். பணம் கிடையாது, சிப்ஸ் மட்டும்தான். ரம்மியில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, போக்கர் புதிது. முதல் இரண்டு சீட்டு கைக்கு வந்ததும் இருப்பதா விடுவதா என்பதில்தான் தடுமாறுகிறேன். ஏஸ் ஒன்று இருந்தாலே ஆடலாம் என்கிறார் ஒரு நண்பர். இரண்டும் ஒரே சின்னமாக இருந்தால் எதுவானாலும் ஆடலாம் என்கிறார் இன்னொருவர். என் கணிப்பு என்னவென்றால், 7-2 போன்ற குப்பைகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஃப்ளாப் (மேசையில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டு) வரை பார்ப்பதில் பெரிய நட்டம் இல்லை. சரிதானா?

2 நவம்பர், இரவு

சரியில்லை. 7-2 வந்தால் அதை நம்பி யாரும் சிப்ஸைக் கொட்டுவதில்லை. அது வந்த வேகத்திலேயே கையை விட்டுப் போய்விடுகிறது. புதியவரின் சிப்ஸ் அடுக்கைக் கரைப்பவை பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும் நடுத்தரக் கைகள்: ஏஸ்-6, ராஜா-9, ராணி-10, வெவ்வேறு சின்னத்தில் வரும் ராஜா-ஜாக்கி. இவை ஃப்ளாப்பில் ஒரு ஜோடியைக் கொடுத்து, அந்த ஜோடியை விட மனம் வராதபடி ஆட்டக்காரரை ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை உட்கார வைத்து, கடைசியில் இரண்டாவது சிறந்த கையாக முடியும். போக்கரில் இரண்டாம் இடத்துக்குப் பரிசு கிடையாது, செலவு மட்டும் உண்டு.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 52 சீட்டிலிருந்து இரண்டை எடுப்பதற்கு 1326 வழிகள் இருக்கின்றன. எந்தச் சின்னம் என்பதை ஒதுக்கி, ஒரே சின்னமா வேறா என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் அவை 169 வகைகளாகச் சுருங்கும்: 13 ஜோடிகள், ஒரே சின்னத்தில் 78, வெவ்வேறு சின்னத்தில் 78. ஆனால் எல்லா வகையும் ஒரே அளவில் வருவதில்லை. ஒவ்வொரு ஜோடியும் 6 வழிகளில் வரும், ஒரே சின்னத்துக் கை ஒவ்வொன்றும் 4 வழிகளில் வரும், வெவ்வேறு சின்னத்துக் கை ஒவ்வொன்றும் 12 வழிகளில் வரும். அதனால் நூறு கையில் ஏறத்தாழ எழுபது கை ஜோடியும் இல்லாமல், ஒரே சின்னமும் இல்லாமல்தான் உங்களிடம் வந்து சேரும். நீங்கள் எந்தக் கட்டைக் கலைத்தாலும் இதுதான் நிலை.

ஏஸ் இருந்தாலே ஆடலாம் என்ற நண்பருக்கு ஒரு தகவல். ஆறு பேர் மேசையில் உங்களிடம் ஓர் ஏஸ் இருக்கும்போது, மற்ற ஐவரில் யாரேனும் ஒருவரிடமாவது இன்னோர் ஏஸ் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. ஒன்பது பேர் மேசையில் அது 70 விழுக்காடு. ஏஸ் இருந்தாலே ஆடுவது என்ற கொள்கை உங்கள் மேசையில் எல்லோருக்கும் இருந்தால், அந்த இன்னோர் ஏஸும் உங்களோடு ஆட்டத்தில்தான் இருக்கும்.

3 நவம்பர்

நேற்று சொன்னதை ஒரு கையை வைத்துக் காட்டுகிறேன். எங்கள் மேசையில் நடந்தது. சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகள்: ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10. முதலில் பேச வேண்டியவர் 30 என்று உயர்த்தினார். பட்டனில், அதாவது சீட்டுப் போடுபவரின் இருக்கையில், இருந்த நண்பர் கையில் ஏஸ்-6, வெவ்வேறு சின்னம். 30 வைத்து உடன் வந்தார். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், பாட் (நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்ஸ்) 75 ஆனது. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் 9, இஸ்பேட் 4. உயர்த்தியவர் 40 வைத்தார், நண்பரும் 40 வைத்தார். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) டைமண்ட் 2, இப்போது 80, அதையும் வைத்தார். ரிவரில் கிளாவர் ஜாக்கி, 150. கொஞ்சம் யோசித்து அதையும் வைத்தார். எதிரில் திருப்பப்பட்டது ஏஸ்-ராணி.

நண்பருக்குப் போனது 300 சிப்ஸ். ஒரு சுற்று முழுவதும் எல்லாக் கைகளையும் விட்டுவிட்டால் இரண்டு பிளைண்டுமாகச் சேர்ந்து போவது 15. அந்த ஒரு கையில் இருபது சுற்றுக்கான செலவு போய்விட்டது. "ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு எப்படி விடுவது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். விடுவது கடினம் என்பதால்தான், முன்னால் ஒருவர் உயர்த்தியிருக்கும்போது ஏஸ்-6 வேண்டாம் என்கிறோம். ஒரே ஏஸைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கைகள் மோதும்போது பக்கச் சீட்டு பெரிதாக இருப்பவர் நான்கில் ஏறத்தாழ மூன்று முறை வெல்கிறார்.

3 நவம்பர், பின்னர்

7-2 தான் எல்லாவற்றிலும் மட்டமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பலர் உள்ள மேசையில் அப்படித்தான் சொல்வார்கள். 2க்கும் 7க்கும் இடைவெளி அதிகம் என்பதால் இரண்டையும் சேர்த்து ஐந்து சீட்டு வரிசை கட்ட முடியாது. இருவர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தால் 3-2 அதைவிட மோசம், ஏனெனில் அங்கே வரிசை எப்போதோதான் வரும், பெரிய சீட்டு தனியாகவே வெல்லும். இரண்டையும் விட்டுவிடுவதால் இந்த ஆராய்ச்சி நமக்குப் பயன்படாது.

5 நவம்பர்

ரம்மிப் பழக்கம் உள்ளவர் என்பதால் இதைச் சொல்கிறேன். 101 பூல் ஆட்டத்தில் சீட்டைப் பார்த்தவுடன் ஸ்கூட் விட்டால் (ஆட்டத்திலிருந்து விலகினால்) 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை. ஜோக்கரும் இல்லை, ஒரிஜினலுக்கு (ஜோக்கர் சேராத வரிசைக்கு) வழியும் இல்லை என்றால் நல்ல ரம்மிக்காரர் வீம்பு பார்க்காமல் 20ஐக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பார். அந்தக் கை அடக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட இங்கே வசதி அதிகம்: பிளைண்ட் இல்லாத நான்கு இருக்கைகளிலும் முதல் ஸ்கூட்டுக்குக் கட்டணமே இல்லை. ஆறு கைக்கு இரண்டு கைதான் கட்டாயச் செலவு. 20 புள்ளி கொடுத்து ஸ்கூட் விடத் தயங்காதவர் இலவசமாக விடத் தயங்குவதை நான் பல மேசைகளில் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரம்மியில் 13 சீட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம். இங்கே ஏழு சீட்டில் இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பொதுவில் விரியும் ஐந்தும் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே அந்த இரண்டு சீட்டின் வேலை வெல்லும் கையாக இருப்பது மட்டுமல்ல; பொதுச் சீட்டு உங்களுக்கு உதவும்போது மற்றவருக்கு அதைவிடக் குறைவாக உதவும்படியும் அவை இருக்க வேண்டும்.

6 நவம்பர்

ஒரே சின்னம் பற்றி. இரண்டும் ஒரே சின்னமாக இருப்பதால் ஒரு கைக்குக் கூடும் பலம் இரண்டு மூன்று விழுக்காட்டுப் புள்ளிதான். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) முழுமையாக விழுவது 119 முறைக்கு ஒரு முறை. இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் என்ற நிலையில் ஃப்ளாப் வருவது ஒன்பது முறைக்கு ஒரு முறை. அப்படி வந்தவற்றிலும் ரிவருக்குள் பூர்த்தியாவது மூன்றில் ஒன்றைச் சற்றுத் தாண்டும்.

ஆக, ஏற்கெனவே ஆடத் தகுந்த கையை ஒரே சின்னம் இன்னும் கொஞ்சம் நல்லதாக்கும். ராஜா-4ஐ அது காப்பாற்றாது. இங்கும் சிக்கல் இரண்டாம் இடம்தான். ராஜா-4 ஆர்ட்டினில் ஃப்ளஷ் அடித்து, ஆர்ட்டின் ஏஸ் வைத்திருப்பவரிடம் மொத்த அடுக்கையும் கொடுத்துவிட்டு எழுந்தவரை மறுநாள் சமாதானப்படுத்துவது எளிதல்ல.

9 நவம்பர்

பட்டியல் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தருகிறேன், ஆனால் இருக்கையைச் சொல்லாமல் பட்டியலைச் சொல்வதில் பொருள் இல்லை.

ஆறு பேர் மேசையில் பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் பேசுகிறார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் சீட்டோடு காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நல்ல கை இருக்கப் போதுமான வாய்ப்பு உண்டு. பட்டனில் இருப்பவருக்குப் பின்னால் இரண்டு பிளைண்டுகள் மட்டுமே. அதோடு, ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பட்டன்காரர்தான் கடைசியில் பேசுகிறார்: மற்றவர்கள் தயங்கியதையும் பந்தயம் வைத்ததையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். அதே ராஜா-ஜாக்கி முதல் இருக்கையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் கை, பட்டனில் கண்ணைத் திறந்துகொண்டு ஆடும் கை.

யாரும் இன்னும் உள்ளே வரவில்லை, நீங்கள்தான் முதலில் நுழைகிறீர்கள் என்ற நிலைக்கு நான் புதியவர்களுக்குச் சொல்வது இது. முதல் இரண்டு இருக்கைகளில்: 6-6 முதல் ஏஸ்-ஏஸ் வரையிலான ஜோடிகள்; ஏஸோடு ராஜா, ராணி, ஜாக்கி எந்தச் சின்னத்தில் வந்தாலும்; ஏஸ்-10 ஒரே சின்னத்தில்; ராஜா-ராணி எந்தச் சின்னத்திலும்; ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10 ஆகியவை ஒரே சின்னத்தில் மட்டும். கூட்டினால் 1326இல் 134 வருகிறது, அதாவது பத்தில் ஒரு கை. பட்டனுக்கு முந்தைய இருக்கையில் இவற்றோடு மீதமுள்ள சிறு ஜோடிகளையும், வெவ்வேறு சின்னத்து ஏஸ்-10, ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கியையும், ஒரே சின்னத்தில் ஏஸோடு எந்தச் சீட்டு வந்தாலும் அதையும், ஒரே சின்னத்து ராஜா-10, ராணி-10, 10-9, 9-8 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது 242, நூற்றுக்குப் பதினெட்டு. பட்டனில் வெவ்வேறு சின்னத்து ஏஸ்-9, 8, 7, பத்தோடு வரும் ராஜா, ராணி, ஜாக்கி, ஒரே சின்னத்து ராஜா-9, ராணி-9, ஜாக்கி-9, 10-8, 8-7, 7-6, 6-5 ஆகியவை சேர்ந்து 342 ஆகும். நான்கில் ஒரு கை.

ஏஸ்-7 உண்டு, ஏஸ்-6 இல்லை என்பதில் வேத ரகசியம் எதுவும் இல்லை. கோட்டை எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். தேர்ந்தவர்கள் இதைவிட அகலமாக ஆடுகிறார்கள்; ஃப்ளாப்புக்குப் பிறகு எப்போது விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அது தெரியும் வரை கோடு உள்ளே தள்ளியே இருக்கட்டும்.

நுழைவதென்றால் உயர்த்தி நுழையுங்கள். பிக் பிளைண்டைப் போல இரண்டரை அல்லது மூன்று மடங்கு. வெறுமனே 10 வைத்து உடன் வருவது மற்ற எல்லோருக்கும் மலிவு விலையில் கதவைத் திறந்துவிடும். யாரிடம் என்ன இருக்கிறது என்ற தகவலும் உங்களுக்குக் கிடைக்காது.

9 நவம்பர், இரவு

மேலே உள்ள பட்டியலைப் படித்துவிட்டு ஒருவர், முன்னால் ஒருவர் உயர்த்திய பிறகும் பட்டனில் நான்கில் ஒரு கையோடு வரலாமா என்று கேட்கிறார். வரக்கூடாது. பட்டியல், நீங்கள் முதலில் நுழையும் நிலைக்கு மட்டும். ஒருவர் உயர்த்தியிருக்கிறார் என்றால் அவரிடம் ஏதோ இருக்கிறது என்று அவர் அறிவித்துவிட்டார்; அதற்கு எதிராக உள்ளே வர, நீங்களே முதலில் உயர்த்தத் தேவையானதைவிட வலுவான கை வேண்டும். போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இந்த இடைவெளியை ஒரு கோட்பாடாகவே வகுத்துச் சொன்னார். முதல் இருக்கைக்காரர் உயர்த்தினால் பட்டனிலிருந்து நான் மீண்டும் உயர்த்துவது ராணி ஜோடிக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் ஏஸ்-ராஜாவுக்கும். உடன் மட்டும் வருவது ஜாக்கி, 10, 9 ஜோடிகளுக்கும் ஒரே சின்னத்து ஏஸ்-ராணி, ராஜா-ராணிக்கும். வெவ்வேறு சின்னத்து ஏஸ்-ஜாக்கியைப் பெரும்பாலும் விட்டுவிடுவேன், முகம் சுளித்துக்கொண்டுதான்.

உயர்த்தியவர் யார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். எங்கள் மேசையில் ஒருவர் உயர்த்தினால் மற்றவர்கள் சீட்டை எண்ணாமலே எறிந்துவிடுவார்கள். இன்னொருவர் உயர்த்தினால் தேநீர் குடித்துக்கொண்டே சிப்ஸை முன்னால் தள்ளுவார்கள்.

10 நவம்பர்

சிறிய விஷயம். உங்கள் முறை வரும்வரை உங்கள் சீட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் இடப்பக்கம் இருப்பவர்களைப் பாருங்கள். விட்டுவிடப்போகிறவர் பார்த்த உடனே சீட்டை விரல் நுனியில் பிடித்து எறியத் தயாராக வைத்திருப்பார். ஆடப்போகிறவர் அதைக் கீழே வைத்து, மேலே ஒரு சிப்பை வைத்து மூடிக்கொண்டு, தன் அடுக்கை ஒரு முறை பார்ப்பார். உங்களுக்குப் பின்னால் பேச வேண்டிய இருவர் எறியத் தயாராக இருந்தால் உங்கள் இருக்கை இரண்டு இடம் தள்ளிப் பட்டனுக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டு மேசையில் இது எந்தப் பட்டியலையும்விட அதிகம் சொல்லும்.

12 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, தங்கள் மேசையில் யாருமே விடுவதில்லை, 30 என்று உயர்த்தினாலும் ஆறு பேரும் ஃப்ளாப் பார்க்கிறார்கள், ஏஸ் ஜோடி வைத்துக்கொண்டு இரண்டு முறை தோற்றுவிட்டேன் என்கிறார்.

ஏஸ் ஜோடி எதிரில் ஒருவர் மட்டும் எந்தக் கையோடு வந்தாலும் கடைசி வரை ஆடினால் 85 விழுக்காடு வெல்லும். இருவர் என்றால் 73, மூவர் என்றால் 64, நால்வர் என்றால் 56, ஐவரும் நின்றால் 49. ஆக ஆறு பேரும் ரிவர் வரை நின்றால் பாதிக்கு மேல் தோற்பீர்கள். இது சதி அல்ல, கணக்கு. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: பாட்டில் நீங்கள் வைப்பது ஆறில் ஒரு பங்கு, உங்களுக்குத் திரும்பக் கூடியது சராசரியாகப் பாதி. இதைவிட நல்ல வியாபாரம் மேசையில் கிடையாது. ஆகவே தோற்றதற்கு வருத்தப்படுவதை விட்டுவிட்டு அடுத்த முறை 30க்குப் பதில் 60 அல்லது 70 வைத்துப் பாருங்கள். விடவே விடாதவர்கள் அதற்கும் வந்தால் பாட் பெரிதாகும், சிலர் விட்டால் உங்கள் விழுக்காடு கூடும், இரண்டும் நல்லதே.

இத்தகைய மேசையில் சில கைகளின் மதிப்பு மாறிவிடும். இதை 9ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறு பேர் ஃப்ளாப் பார்க்கும் இடத்தில் ஒரு ஜோடி அரிதாகவே வெல்லும். அதனால் ஒரு ஜோடியை மட்டும் நம்பும் வெவ்வேறு சின்னத்து ராஜா-ஜாக்கி, ராணி-10, ஏஸ்-9 ஆகியவை கீழே இறங்குகின்றன. மூன்று ஒரே எண், வரிசை, பெரிய ஃப்ளஷ் ஆகியவற்றை உருவாக்கக் கூடியவை மேலே ஏறுகின்றன: சிறு ஜோடிகள், ஒரே சின்னத்தில் ஏஸோடு வரும் எதுவும், ஒரே சின்னத்து 10-9. முன்னால் மூன்று பேர் வெறும் 10 வைத்து நுழைந்திருக்க, நீங்கள் பட்டனில் ஒரே சின்னத்து 8-7 வைத்திருந்தால் நீங்களும் 10 வைத்து வரலாம். உயர்த்தி நுழையுங்கள் என்று சொன்னதற்கு இது விலக்கு. ஃப்ளாப் உதவவில்லை என்றால் அந்தப் பத்தோடு எழுந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

13 நவம்பர்

சிறு ஜோடிகள். 4-4 வைத்திருப்பவர் ஃப்ளாப்பில் மூன்றாவது 4ஐப் பார்ப்பது எட்டரை முறைக்கு ஒரு முறை, 11.8 விழுக்காடு. மற்ற ஏழு சொச்சம் முறையும் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியிருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, விழும் அந்த ஒரு முறையில் எதிராளியிடமிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்பது. ஃப்ளாப் பார்க்க நீங்கள் வைக்கும் தொகையைப் போல் பதினைந்து மடங்காவது அவர் முன்னாலும் உங்கள் முன்னாலும் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். 30 வைக்க வேண்டும் என்றால் 450. ஆளுக்கு 1000 சிப்ஸோடு தொடங்கிய முதல் மணி நேரத்தில் இது சரிப்படும். பிளைண்ட் 25-50 ஆகி, எதிராளியிடம் 600 மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் அதே 4-4 வேறு கை.

சிறு ஜோடியிடம் எனக்குப் பிடித்த குணம், அது பொய் சொல்லாது என்பதுதான். ஃப்ளாப் விரிந்தவுடன் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

15 நவம்பர்

ஜாக்கி ஜோடி வந்தாலே பயமாக இருக்கிறது என்று ஒருவர். ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது 57 விழுக்காடு. ராணி ஜோடிக்கு 41, ராஜா ஜோடிக்கு 23. பெரிய சீட்டு விழுந்ததாலேயே அது எதிராளியிடம் இருக்கிறது என்று ஆகாது. ஃப்ளாப்புக்கு முன் உயர்த்தி ஆட்களைக் குறைத்துவிட்டால், எஞ்சிய ஒருவர் முன்னால் அது இன்னமும் நல்ல கைதான். நான்கு பேரோடு ஃப்ளாப்புக்குப் போய் அங்கே ஏஸும் ராஜாவும் விழுந்தால் விட்டுவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஏஸ்-ராஜாவுக்கும் இதே இடத்தில் ஒரு சொல். ஃப்ளாப்பில் அதற்கு ஜோடி கிடைப்பது மூன்றில் ஒரு முறைதான். அது நல்ல கை. முடிந்த கை அல்ல. ராணி ஜோடிக்கு எதிராகக் கடைசி வரை போனால் ஒரே சின்னத்து ஏஸ்-ராஜா 46 விழுக்காடும் வெவ்வேறு சின்னத்தது 43 விழுக்காடும் வெல்லும்.

16 நவம்பர்

பட்டியலை மனப்பாடம் செய்ய முடியவில்லை, சூத்திரம் உண்டா என்று கேட்கிறார்கள். கணித வல்லுநரும் 2006இல் போக்கர் உலகத் தொடரில் இரண்டு பட்டங்கள் வென்றவருமான பில் சென் வகுத்த ஒன்று உண்டு. பெரிய சீட்டுக்கு மட்டும் புள்ளி: ஏஸ் 10, ராஜா 8, ராணி 7, ஜாக்கி 6, மற்றவை எண்ணில் பாதி. ஜோடி என்றால் இரட்டிப்பு, குறைந்தது 5. ஒரே சின்னம் என்றால் 2 கூட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு சீட்டு இடைவெளி என்றால் 1 கழி, இரண்டு என்றால் 2, மூன்று என்றால் 4, அதற்கு மேல் 5. இரண்டும் ராணிக்குக் கீழாகவும் இடைவெளி ஒன்றுக்குள்ளாகவும் இருந்தால் 1 கூட்டு. அரைப் புள்ளி வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கு.

ஒரே சின்னத்து ஜாக்கி-10க்கு 6, 2, 1 சேர்ந்து 9. ஒரே சின்னத்து 8-7க்கு 7. வெவ்வேறு சின்னத்து ஏஸ்-6க்கு 10இலிருந்து 5 போய் 5. மேசையில் பார்த்தவுடன் மனத்திலேயே போட்டுவிடலாம் என்பது இதன் அழகு. குறையும் அதே கணக்கில் தெரிகிறது: 2-2க்கும் 5 தான், ஏஸ்-6க்கும் 5 தான். முன்னது ஃப்ளாப் பார்த்தவுடன் சண்டையில்லாமல் பிரிந்துவிடும் கை. பின்னது 3ஆம் தேதிக் குறிப்பில் 300 சிப்ஸைத் தின்ற கை. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. இரண்டு கைகளை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பெழுத வேண்டாம்.

18 நவம்பர்

எதிர்பார்த்தது வந்துவிட்டது: டாயில் பிரன்சன் 10-2 வைத்து உலகப் பட்டம் வென்றாரே என்கிறார் ஒரு நண்பர். வென்றார்; 1976இலும் 1977இலும், இரண்டு முறையும் கடைசிக் கையில் 10-2 வைத்து, இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) அடித்து. அந்தக் கைக்கு அவர் பெயரே வந்துவிட்டது. ஆனால் சீட்டு விழுந்த வரிசையைப் பாருங்கள். 1976இல் எதிராளியிடம் ஏஸ்-ஜாக்கி, ஃப்ளாப்பில் ஏஸ், ஜாக்கி, 10. 1977இல் எதிராளியிடம் 8-5, ஃப்ளாப்பில் 10, 8, 5. இரண்டு முறையும் எதிராளி ஃப்ளாப்பிலேயே இரண்டு ஜோடி கட்டி முன்னால் நின்றார். டர்னில் ஒரு 2, ரிவரில் ஒரு 10 விழுந்துதான் கதை மாறியது. 10-2 நல்ல கை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது கடினம்.

2003இல் அதே உலகப் பட்டப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் 838 பேரைத் தாண்டி 25 இலட்சம் டாலர் வென்ற கடைசிக் கையும் இப்படித்தான்: 5-4, எதிரில் சாம் ஃபார்ஹாவிடம் ஜாக்கி-10, ஃப்ளாப்பில் ஜாக்கி, 5, 4. மூன்றிலும் பொதுவானது, மேசையில் எஞ்சியவர்கள் இருவர் என்பது. இருவர் ஆட்டத்தில் ஒவ்வொரு கையிலும் இருவருமே பிளைண்ட் வைக்கிறார்கள். நல்ல கைக்குக் காத்திருந்தால் அடுக்கு பிளைண்டிலேயே தேய்ந்துவிடும். அங்கே 5-4க்கு இடம் உண்டு. ஆறு பேர் மேசையின் முதல் இருக்கையில் அதே 5-4ஐ மணிமேக்கர் பெயரைச் சொல்லி ஆடுவது பக்தி, போக்கர் அல்ல.

20 நவம்பர்

இணையத்தில் பணம் வைத்து ஆடிப் பழகலாமா என்று கேட்டவருக்கு: இந்தியாவில் இருந்துகொண்டு வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. கை தேர்வதைக் கற்றுக்கொள்ளப் பணமும் தேவையில்லை. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஆறு கைகளைத் திறந்தபடி போட்டு, முதல் இருக்கையிலிருந்து யார் நுழைந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு ஐந்து சீட்டையும் விரித்துப் பாருங்கள். ஏஸ்-6 எத்தனை முறை ஏஸ்-10இடம் மாட்டுகிறது என்பது அரை மணி நேரத்தில் விளங்கும்.

சீட்டே வரவில்லை என்ற புலம்பலுக்கும் இங்கேயே பதில். பத்தில் ஒரு கை என்ற பட்டியலை வைத்திருப்பவருக்குத் தொடர்ந்து 20 கை எதுவுமே வராமல் போவது எட்டில் ஒரு முறை நடக்கும். அதாவது அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் யாரோ ஒருவர் அந்த நிலையில் இருப்பார். இருபத்தோராவது கையில் ராஜா-8 அவருக்கு ராஜகுமாரனாகத் தெரியும்.

23 நவம்பர்

பிளைண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தேன். பிக் பிளைண்டில் 10 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பட்டன்காரர் 30 என்று உயர்த்தி, ஸ்மால் பிளைண்ட் விட்டுவிட்டால், பாட்டில் 45 இருக்கிறது, நீங்கள் வைக்க வேண்டியது 20. 65க்கு 20, அதாவது 31 விழுக்காடு வென்றால் சமன். இந்த விலைக்கு ஒரே சின்னத்து ராஜா-9, 7-6, ஏன் வெவ்வேறு சின்னத்து ஏஸ்-6கூட வரலாம். பட்டன்காரரின் கை அகலமானது. அதே 30ஐ முதல் இருக்கைக்காரர் வைத்திருந்தால் விலை அதேதான், ஆனால் அவர் கை இறுக்கமானது. அப்போது ஏஸ்-6ஐ விட்டுவிடுங்கள்.

ஸ்மால் பிளைண்டுதான் மேசையில் மோசமான இருக்கை. 5 ஏற்கெனவே உள்ளே இருப்பதால் இன்னும் 5தானே என்று தோன்றும். அந்த ஐந்தை வைத்து நுழைந்தவர், ஃப்ளாப்பிலும் டர்னிலும் ரிவரிலும் எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டியவர். அங்கே நான் முதல் இருக்கைப் பட்டியலைவிடச் சற்று அகலமாக, உயர்த்தி மட்டுமே ஆடுகிறேன். இல்லையென்றால் அந்த ஐந்து சிப்ஸும் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

24 நவம்பர்

ஒரே சின்னத்து ஏஸ்-9, முதல் இருக்கை, ஆறு பேர்: விட்டுவிடுங்கள். பட்டனில் இருந்து, முன்னால் யாரும் நுழையவில்லை என்றால் உயர்த்துங்கள். எட்டுப் பேர் உட்காரும் நாளில் முதல் இருக்கைப் பட்டியலிலிருந்து 6-6ஐயும், வெவ்வேறு சின்னத்து ஏஸ்-ஜாக்கியையும் ராஜா-ராணியையும் எடுத்துவிடுங்கள். 104 மிஞ்சும், அது போதும்.